விஆர் ஹெட்செட்டில் பழகிய டேபிள் டென்னிஸ் மேசைக்கு வருமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட வகையில் முதலில் சொல்லிவிடுகிறேன். சென்னையில் முறையாக டேபிள் டென்னிஸ் பழகிவந்த பதின்மூன்று வயது மகளோடு, பணி மாற்றத்தால் சிற்றூர் ஒன்றுக்குக் குடிபெயர்ந்திருக்கிறீர்கள். அங்கே கோச் இல்லை, சேர்ந்து ஆடுவதற்கு ஆளும் இல்லை. மாவட்டத் தலைநகரில் உள்ள அரங்குக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய்வர முடிகிறது. வீட்டில் மேசை போட இடமில்லாததால், அந்தப் பணத்தில் ஒரு விஆர் ஹெட்செட், அதாவது தலையில் மாட்டிக்கொண்டால் கண்முன் மெய்நிகர் உலகத்தைக் காட்டும் கருவி, வாங்கிக் கொடுத்தால் பயிற்சி விட்டுப்போகாமல் இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த ஹெட்செட் நல்லது என்பதோ, அதற்குள் தெரியும் ஆட்டம் எவ்வளவு தத்ரூபமாக இருக்கிறது என்பதோ உங்கள் கவலையாக எனக்குத் தெரியவில்லை. திரைக்குள் கைக்குப் படிந்தது நிஜ மேசைக்கு முன்னால் நிற்கும்போது கூடவே வருமா, வராவிட்டாலும் ஏற்கெனவே இருப்பதைக் கெடுத்துவிடாமல் இருக்குமா என்பதுதான் நீங்கள் கேட்பது.

இயன்முறை மருத்துவம் படித்து, மனித உடல் இயக்கங்களைக் கற்கும் விதத்தைப் பற்றி மேற்படிப்பு முடித்தவன் நான். பக்கவாதத்தால் கை செயலிழந்தவர்களுக்கும் இளம் டேபிள் டென்னிஸ் ஆட்டக்காரர்களுக்கும் பயிற்சித் திட்டம் வகுத்துத் தருவதே பல ஆண்டுகளாக என் வேலை. இரண்டிலும் மெய்நிகர் கருவிகளைப் பயன்படுத்தியிருக்கிறேன். அந்தப் பழக்கத்தையும் வெளிவந்துள்ள ஆய்வுகளையும் வைத்துச் சொன்னால், உங்கள் மகள் ஹெட்செட்டில் பழகுவதில் ஒரு பகுதி மேசைக்கு வரும், ஒரு பகுதி வராது, கவனிக்காமல் விட்டால் சிறிய ஒரு பகுதி கெடவும் செய்யும். எந்தப் பகுதி எதில் சேரும் என்பதை ஓரளவு தெளிவாகவே பிரித்துச் சொல்லலாம். ஆகவே 'விஆர் உதவுமா' என்று மொத்தமாகக் கேட்பதைவிட, டேபிள் டென்னிஸ் என்னும் திறனில் எந்த அம்சத்துக்கு உதவும் என்று கேட்பதே பயன் தரும்.

ஓரிடத்தில் கற்றது இன்னோரிடத்தில் கைகொடுக்குமா என்பது கற்றல் ஆய்வின் பழைய கேள்வி. இரண்டு வேலைகளுக்கும் பொதுவான கூறுகள் எந்த அளவுக்கு இருக்கின்றனவோ அந்த அளவுக்கே கற்றது இடம் மாறும் என்று எட்வர்ட் தார்ண்டைக்கும் ராபர்ட் வுட்வொர்த்தும் 1901ஆம் ஆண்டிலேயே எழுதினார்கள். அதற்குப் பிறகு பல திருத்தங்கள் வந்திருந்தாலும் அடிப்படை நிலைத்து நிற்கிறது. விமானப் பயிற்சியின் வரலாறு இதற்கு நல்ல சான்று. நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்டன் நகரில், இசைக்கருவிகள் செய்யும் குடும்பத்தில் வளர்ந்த எட்வின் லிங்க், அந்தத் தொழிற்சாலையின் காற்றுத் துருத்திகளைக் கொண்டே 1929இல் ஒரு பயிற்சி விமானத்தை உருவாக்கினார். அது தரையில் நின்றபடியே சாயும், திரும்பும். முதலில் அதைப் பெரிதாக யாரும் பொருட்படுத்தவில்லை. 1934இல் அமெரிக்க ராணுவ விமானப் படை அஞ்சல் சுமக்கும் பணியை ஏற்று, மோசமான வானிலையில் விமானிகள் பலரைப் பறிகொடுத்த பிறகுதான் அந்தக் கருவிக்கு மதிப்பு வந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் லட்சக்கணக்கான விமானிகள் அதில் பழகினார்கள். இங்கே கவனிக்க வேண்டியது, அந்தக் கருவி எதைக் கற்றுத்தந்தது என்பது. மேகத்துக்குள் வெளியே ஒன்றும் தெரியாதபோது, உடலின் சாய்வுணர்வை நம்பாமல் அளவுமானிகளின் முள்களைப் படித்து விமானத்தை ஓட்டுவதை அது கற்றுத்தந்தது. அந்த வேலையில் விமானிக்குக் கிடைக்கும் தகவல் முழுவதும் முள்களில்தான் இருக்கிறது. பெட்டிக்குள்ளும் அதே முள்கள் இருந்தன. சக்கரங்கள் ஓடுபாதையைத் தொடும் கணத்தின் உணர்வை அது கற்றுத்தரவில்லை, கற்றுத்தருவதாகச் சொல்லிக்கொள்ளவும் இல்லை.

மருத்துவத்திலிருந்து இன்னொரு சான்று சொல்கிறேன். மெய்நிகர் பயிற்சிக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவதும், அதற்குத் தகுதியானதுமான ஆய்வு 2002இல் அமெரிக்காவின் ஏல் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்தது. பயிற்சியில் இருந்த 16 அறுவை மருத்துவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் கணினித் திரையில் லேப்ராஸ்கோப்பிப் பயிற்சி (சிறு துளை வழியே கேமராவையும் கருவிகளையும் நுழைத்துச் செய்யும் அறுவை) கொடுத்துவிட்டு, பிறகு எல்லோரையும் உண்மையான பித்தப்பை அறுவையில் கவனித்தார்கள். திரையில் பழகியவர்கள் பித்தப்பையைப் பிரித்தெடுக்கும் கட்டத்தை 29 விழுக்காடு வேகமாக முடித்தார்கள். பழகாதவர்கள் பித்தப்பையைக் காயப்படுத்துவதற்கோ வேறு திசுவைச் சுட்டுவிடுவதற்கோ ஐந்து மடங்கு வாய்ப்பு கூடுதலாக இருந்தது. இவ்வளவு நல்ல முடிவு வந்ததற்குக் காரணம் உண்டு என்று நான் நினைக்கிறேன். லேப்ராஸ்கோப்பி அறுவையில் மருத்துவர் உண்மையிலேயே ஒரு தட்டைத் திரையைப் பார்த்துத்தான் வேலை செய்கிறார். நீண்ட கருவியின் மறுமுனையில் இருப்பதால் தொடுவுணர்வும் மங்கலாகவே கையை வந்தடைகிறது. அதாவது நிஜமே பாதி மெய்நிகராக இருக்கும் வேலை அது. டேபிள் டென்னிஸ் அப்படிப்பட்டதன்று.

டேபிள் டென்னிஸில் ஒரு பந்தைத் திருப்பி அடிப்பதற்குள் நடப்பவை பல. எதிராளியின் தோள், மணிக்கட்டு, பேட்டின் சாய்வு ஆகியவற்றைப் பார்த்துப் பந்து எங்கே, எவ்வளவு ஸ்பின்னோடு (சுழற்சியோடு) வரும் என்று முன்கூட்டியே படிப்பது ஒன்று. ஃபோர்ஹேண்டா பேக்ஹேண்டா, தள்ளுவதா சுழற்றுவதா என்று முடிவெடுப்பது இன்னொன்று. காலை நகர்த்தி உடலைச் சரியான இடத்தில் கொண்டுவந்து நிறுத்துவது மூன்றாவது. அடியின் வடிவமும் நேரமும் அதற்கடுத்தது. பந்து ரப்பரில் பதிந்து விலகும் அந்தக் கணத்தை விரல்கள் உணர்ந்து, அடுத்த அடிக்குப் பிடியின் இறுக்கத்தை மாற்றிக்கொள்வது கடைசி. இதில் நேரத்தின் துல்லியம் எவ்வளவு கடுமையானது என்பதை ரைனவுட் போட்ஸ்மாவும் பீட் வான் வீரிங்கனும் 1990இல் அளந்து காட்டினார்கள். தேர்ந்த ஆட்டக்காரர்களின் ஃபோர்ஹேண்ட் டிரைவில், பேட் பந்தைச் சந்திக்கும் கணத்தின் ஏற்ற இறக்கம் ஒரு வினாடியின் ஆயிரத்தில் 2 முதல் 5 பங்குக்குள் அடங்கியிருந்தது. கண்ணும் கையும் சேர்ந்து இவ்வளவு நுட்பமாக ஒத்துப்போவது அந்த மேசையையும் அந்தப் பந்தையும் பார்த்துப் பார்த்துப் பழகிய உடலால்தான் முடிகிறது.

இனி, நேரடியாக டேபிள் டென்னிஸைப் பற்றிய ஆய்வுகளுக்கு வருகிறேன். தெற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் குழு ஒன்று 2019இல் 57 பேரைக் கொண்டு ஒரு சோதனை நடத்தியது. ஒரு பகுதியினர் ஹெட்செட் அணிந்து மெய்நிகர் டேபிள் டென்னிஸ் பழகினார்கள், மற்றவர்கள் எந்தப் பயிற்சியும் எடுக்கவில்லை. பிறகு நிஜ மேசையில் இரு பகுதியினரையும் சோதித்தபோது, பழகியவர்கள் பந்தைத் திருப்பும் எண்ணிக்கையிலும் ஆட்டத்தின் தரத்திலும் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். இது உறுதியான, மகிழ்ச்சி தரும் முடிவு. ஆனால் ஒப்பிடப்பட்டது ஒன்றுமே செய்யாதவர்களோடு என்பதை மறந்துவிடக் கூடாது. 'சும்மா இருப்பதைவிட நல்லது' என்பதற்குத்தான் இது சான்று. மேசையில் அதே நேரம் பழகுவதற்கு இது நிகர் என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. இணையத்தில் இதை எடுத்தாள்பவர்கள் பலர் இந்த வேறுபாட்டைத் தவறவிடுகிறார்கள்.

அதற்கும் முன்னால், 1997இல், இமானுவல் டொடோரொவும் அவருடைய உடனாய்வாளர்களும் செய்த சோதனை எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவரின் பேட் அசைவைப் பதிவு செய்து, கற்பவரின் பேட் அசைவோடு அதையும் கணினித் திரையில் சேர்த்துக் காட்டி, கடினமான ஓர் அடியைக் கற்பித்தார்கள். அப்படிக் கற்றவர்கள், அதே அளவு நேரம் நிஜமாகப் பழகியவர்களையும் கோச்சிடம் கற்றவர்களையும்விட நிஜ அடியில் நன்றாகச் செய்தார்கள். அங்கே தலையில் மாட்டும் ஹெட்செட் இல்லை, கண்ணைச் சூழும் மாய உலகமும் இல்லை. தன் அசைவுக்கும் சரியான அசைவுக்கும் உள்ள இடைவெளியை வேறெந்த வழியிலும் காண முடியாத தெளிவோடு பார்க்கக் கிடைத்தது, அவ்வளவுதான். மெய்நிகர் கருவியின் மெய்யான பலம் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். நிஜத்தைப் போலவே இருப்பதைவிட, நிஜத்தில் பார்க்க முடியாததைக் காட்டுவதிலும் நிஜத்தில் எளிதில் அமையாத பயிற்சியை அமைத்துக் கொடுப்பதிலும் அது சிறக்கிறது.

பயிற்சியை அமைப்பது என்றதும் ராப் கிரே அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து 2017இல் வெளியிட்ட பேஸ்பால் ஆய்வைச் சொல்ல வேண்டும். 80 ஆட்டக்காரர்களை நான்கு குழுக்களாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு, அவரவர் திறனுக்கேற்பக் கடினத்தை ஏற்றியிறக்கும் மெய்நிகர் பேட்டிங் பயிற்சி. இன்னொரு குழுவுக்கு அதே மெய்நிகர் கருவி, ஆனால் வழக்கமான முறையில் பந்துகள். மூன்றாவது குழுவுக்குக் கூடுதலாக நிஜப் பேட்டிங். நான்காவதற்குக் கூடுதலாக எதுவும் இல்லை. நிஜ மைதானத்தில் மிகுதியாக முன்னேறியது முதல் குழு. ஒரே கருவியைப் பயன்படுத்திய இரண்டு குழுக்களுக்கிடையே வந்த அந்த வேறுபாட்டைத்தான் நான் பெற்றோர்களிடம் வலியுறுத்துகிறேன். பலன் கருவியால் தானாக வந்துவிடவில்லை, பந்துகளின் வரிசையையும் கடினத்தையும் ஒருவர் யோசித்து அமைத்ததால் வந்தது.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 2020இல் டார்ட் எறிதலைப் பற்றி (பலகையில் உள்ள இலக்கை நோக்கிச் சிறு அம்பை எறிவது) வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஹெட்செட்டில் பழகியவர்கள் நிஜப் பலகையில் எறிந்தபோது, நிஜமாகப் பழகியவர்களைவிட மட்டுமல்லாமல், பயிற்சிக்கு முன்னால் தாங்களே இருந்த நிலையைவிடவும் துல்லியத்தில் பின்தங்கினார்கள். கண் சார்ந்த தொந்தரவுகளையும் கூடுதலாகச் சொன்னார்கள். அவர்களுடைய எறியும் அசைவு பயிற்சியின்போது மாறியிருந்தாலும், நிஜச் சோதனையில் மற்றவர்களின் அசைவை ஒட்டியே திரும்பிவிட்டது என்பது சிறிய ஆறுதல். டார்ட் எறிதலில் எதிராளி இல்லை, படிக்க ஸ்பின் இல்லை, முடிவெடுக்க ஒன்றுமில்லை. தொலைவைக் கண் அளப்பதும், விரல் விடுவிக்கும் கணமும் மட்டுமே அந்தத் திறன். ஹெட்செட் மிகவும் தடுமாறும் இடங்களும் இவ்விரண்டே.

தொலைவைப் பற்றிச் சற்று விளக்குகிறேன். ஹெட்செட்டின் வில்லைகள் பிம்பத்தை ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு மீட்டர் தொலைவில் நிலையாக வைக்கின்றன. பந்து மேசையின் மறுகோடியிலிருந்து நெஞ்சருகே வரும்போது இரண்டு கண்களும் உள்நோக்கித் திரும்புகின்றன. ஆனால் ஒவ்வொரு கண்ணின் குவியமும் அந்த நிலையான தொலைவிலேயே நிற்க வேண்டியிருக்கிறது. இயற்கையில் இணைந்தே வேலை செய்யும் இந்த இரண்டும் இங்கே பிரிந்துபோவதால் களைப்பும் தொலைவு மதிப்பீட்டில் பிழையும் வருகின்றன. மெய்நிகர்ச் சூழல்களில் மனிதர்கள் தொலைவைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்பது பல ஆய்வுகளில் உறுதிப்பட்டது. 2013இல் வெளிவந்த தொகுப்பாய்வு ஒன்றின்படி, மதிப்பிட்ட தொலைவு உள்ளதில் சராசரியாக 74 விழுக்காடுதான். இப்போதைய ஹெட்செட்டுகளில் இந்தப் பிழை குறைந்திருக்கிறது, மறைந்துவிடவில்லை. இதோடு திரையின் வேகமும் சேர்கிறது. மேசையின் நீளம் 2.74 மீட்டர். வினாடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் வரும் பந்து அதைக் கடக்கக் கால் வினாடிக்குச் சற்றே கூடுதலாக எடுத்துக்கொள்ளும். வினாடிக்கு 90 முறை புதுப்பிக்கும் திரையில் அந்தப் பயணம் ஏறத்தாழ 25 படங்களாகத்தான் தெரியும், ஒவ்வொரு படத்துக்கும் பந்து 11 சென்டிமீட்டர் தாவியிருக்கும். பந்தின் பாதையைப் படிக்க அது போதும். பந்தின் மேல் அச்சிட்ட முத்திரை மங்குவதைப் பார்த்து ஸ்பின்னைக் கணிக்கும் பழக்கத்துக்கு அது போதாது.

ஆட்டத்துக்கே உரிய சில குறைகள் கோச்சுகளுக்குத்தான் சட்டென்று கண்ணில் படும். முதலாவது சர்வீஸ். விதிப்படி பந்தை விரித்த உள்ளங்கையில் வைத்து, குறைந்தது 16 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய நேர்செங்குத்தாகத் தூக்கிப் போட வேண்டும். ஹெட்செட்டில் இடக்கையில் ஒரு கன்ட்ரோலரை (ஹெட்செட்டோடு வரும் கைக்கருவியை) பிடித்து, பொத்தானை விடுவித்தால் பந்து கையைவிட்டுப் போகும். இரண்டுக்கும் கை அளவில் பொதுவானது எதுவுமில்லை. ஆகவே சர்வீஸ் எறிதலை அதில் பழகவே கூடாது. இரண்டாவது, மெய்நிகர் மேசைக்குத் திண்மை கிடையாது. பேட் அதன் ஊடாகப் போய்விடும். மேசைக்கு மேலே குட்டையாக விழும் பந்தை எடுக்கும்போது, பேட்டைத் தாழ்த்திக் கொண்டுவரும் பழக்கம் இதனால் குழந்தைகளுக்கு வருகிறது. நிஜ மேசையில் அதே அசைவு விளிம்பில் இடிக்கும். மூன்றாவது, ஹெட்செட்டின் கேமராக்கள் முன்னும் பக்கவாட்டிலும் பார்ப்பவை. ஃபோர்ஹேண்டுக்குக் கை இடுப்புக்குப் பின்னால் போகும்போது கன்ட்ரோலர் அவற்றின் பார்வையிலிருந்து மறையும், அந்த நேரத்தில் கருவி கையின் இடத்தை ஊகித்துக்கொள்கிறது. இந்தத் தொந்தரவைத் தவிர்க்கக் குழந்தைகள் தம்மையறியாமல் பின்வீச்சைச் சுருக்கிக்கொள்கிறார்கள். நான்காவதும் பெரியதும் தொடுவுணர்வு. பந்தின் எடை வெறும் 2.7 கிராம், அது ரப்பரில் தங்குவது ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஓரிரு பங்கு. ஆனாலும் அந்தச் சிறு அதிர்வும் ஓசையும் சேர்ந்துதான், உரசினோமா மோதினோமா என்று கைக்குச் சொல்கின்றன. கன்ட்ரோலரின் அதிர்வு 'பட்டது' என்று மட்டும் சொல்லும், எப்படிப் பட்டது என்று சொல்லாது. பந்தை முன்னோக்கிச் சுழலவிடும் அடியான டாப் ஸ்பின்னின் உயிரே அந்த உரசலில் இருப்பதால், ஹெட்செட்டில் மட்டும் பழகிய கை மேசையில் பந்தை மோதித் தட்டப் பார்க்கும்.

இன்னொரு நுட்பமான வேறுபாடும் உண்டு. அமெரிக்காவின் தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சூக்-லேய் லியூவின் குழு 2017இல் செய்த ஆய்வில், ஹெட்செட் அணிந்து ஓர் இயக்க மாற்றத்தைக் கற்றவர்களும் சாதாரணத் திரையில் கற்றவர்களும் ஏறத்தாழ ஒரே அளவு கற்றார்கள். ஆனால் ஹெட்செட் அணிந்தவர்கள், உடல் தானாகச் சரிசெய்துகொள்வதைவிட, 'கொஞ்சம் இப்படித் திருப்ப வேண்டும்' என்று யோசித்து வகுக்கும் உத்தியையே கூடுதலாக நம்பினார்கள். அதே குழு 2020இல் வெளியிட்ட ஆய்வில், ஹெட்செட்டில் கற்ற திறன் சாதாரணத் திரைக்கு மாறும்போது சரிந்தது. இவை ஆய்வகத்துச் சிறு அசைவுகள், டேபிள் டென்னிஸ் அல்ல. ஆகவே இதிலிருந்து நேரடியான முடிவுக்கு வர முடியாது. ஆனாலும் யோசித்துச் செய்யும் அடி, பந்து மாறி மாறிப் போய்வரும் ராலியின் வேகத்தில் முதலில் கைவிட்டுப்போகும் என்பது கோச்சுகள் எல்லோரும் அறிந்தது. இந்த ஆய்வுகள் அதோடு ஒத்துப்போவதாக நான் எடுத்துக்கொள்கிறேன்.

என் மற்றொரு பணியான பக்கவாதச் சிகிச்சையில், இந்தக் கேள்விக்கு விளையாட்டுத் துறையில் இல்லாத அளவு பெரிய சான்றுத் தொகுப்பு இருக்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2017இல் 72 சோதனைகளை, 2,470 பேரை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. வழக்கமான சிகிச்சைக்குப் பதிலாக மெய்நிகர்ப் பயிற்சி கொடுத்தபோது கையின் செயல்பாட்டில் அது மேலானதாக இல்லை. வழக்கமான சிகிச்சையோடு கூடுதலாகக் கொடுத்தபோது, அதாவது மொத்தப் பயிற்சி நேரம் உயர்ந்தபோது, பலன் தெரிந்தது. மெய்நிகர்ப் பயிற்சியின் பலனில் பெரும்பங்கு, அது இல்லையென்றால் நடந்தே இராத பயிற்சியின் பலன் என்று இதை நான் படிக்கிறேன். உங்கள் மகளுக்கு இது நல்ல செய்தி. அவளுடைய வார நாட்களில் இப்போது பயிற்சியே இல்லை. ஹெட்செட் அங்கே எதையும் இடம்பெயர்க்கவில்லை, காலியாக இருக்கும் நேரத்தைத்தான் நிரப்புகிறது. இதே கேள்வியைச் சென்னையில் தினமும் கோச்சிடம் போகும் குழந்தையின் பெற்றோர் கேட்டிருந்தால், வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன்.

எனவே எப்படிப் பயன்படுத்துவது என்பதைச் சொல்கிறேன். வார நாட்களில் ஹெட்செட்டை எதிராளியைப் படிப்பதற்கும், எதிராளியின் சர்வீஸைத் திருப்பி எடுப்பதற்கும், எந்தப் பக்கம் திருப்புவது என்று முடிவெடுப்பதற்கும் ஒதுக்குங்கள். இணையத்தில் வெவ்வேறு ஆட்டக்காரர்களோடு ஆடக் கிடைப்பது சிற்றூரில் இருக்கும் குழந்தைக்குப் பெரிய வரம். ஒரே ஆளோடு ஆடி ஆடி அவருடைய பந்துக்கு மட்டும் பழகிப்போகும் குறை இதனால் வராது. ஹெட்செட்டுக்குள் வரும் பந்து வீசும் இயந்திரத்தை வைத்துப் பழகும்போது ஒரே இடத்துக்கு ஒரே பந்தாகப் போடாமல், ஃபோர்ஹேண்ட், பேக்ஹேண்ட், நடு என்று ஒழுங்கின்றி மாற்றிப் போடும்படி அமையுங்கள். 1979இல் ஜான் ஷேயும் ராபின் மார்கனும் செய்த சோதனையிலிருந்து தொடங்கி, கலந்து பழகுவது பயிற்சி நேரத்தில் தடுமாற்றத்தைத் தந்தாலும் நாள்பட நினைவில் நிற்பதற்கும் வேறு சூழலில் கைகொடுப்பதற்கும் நல்லது என்பதற்கு நிறையச் சான்றுகள் சேர்ந்திருக்கின்றன. பந்து போன பாதையைக் கோடாக வரைந்து காட்டுவது, வேகத்தை எண்ணால் காட்டுவது போன்ற வசதிகளை எப்போதும் திறந்து வைக்காதீர்கள். ஒவ்வொரு அடிக்கும் வெளியிலிருந்து திருத்தம் கிடைத்தால், பழகும்போது அழகாக ஆடிவிட்டு, அது இல்லாத இடத்தில் தடுமாறுவது இயக்கக் கற்றலில் 1980களிலிருந்தே பேசப்படும் ஆபத்து. பத்துப் பந்து ஆடிவிட்டு, என்ன தவறு என்று அவளே முதலில் சொல்லட்டும், பிறகு கோட்டைப் பார்க்கட்டும்.

டாப் ஸ்பின், பிளாக் செய்யும் (வேகமாக வரும் பந்தைப் பேட்டால் தடுத்துத் திருப்பும்) மென்மை, சர்வீஸ் போடுவது, கால் நகர்வு ஆகியவற்றை ஹெட்செட்டில் வளர்க்க முயல வேண்டாம். சர்வீஸுக்கு மேசையே தேவையில்லை. ஒரு டஜன் பந்தும், எறிவதற்குச் சற்று உயரமும், சுவரருகே ஒரு பலகையும் போதும். விரித்த உள்ளங்கையிலிருந்து பந்தைத் தூக்குவதையும் ரப்பரால் பந்தைச் சீவுவதையும் அதில் நிஜமாகவே பழகலாம். கால் நகர்வுக்குச் சென்னைக் கோச் சொல்லிக்கொடுத்த ஷேடோ பிராக்டிஸே, அதாவது பந்தில்லாமல் அடியையும் நகர்வையும் செய்து பழகுவதே, சிறந்தது. தன் சொந்தப் பேட்டைக் கையில் பிடித்து, கண்ணாடி முன் அல்லது திறந்த முற்றத்தில் செய்யட்டும். கன்ட்ரோலரைப் பேட் போன்ற கைப்பிடியில் பொருத்தும் துணைப்பொருட்கள் கிடைக்கின்றன, அதை வாங்கிவிடுங்கள். வெறும் கன்ட்ரோலரைப் பிடித்து ஆடினால் ஆட்காட்டி விரலும் மணிக்கட்டும் வேறு கோணத்துக்குப் பழகிவிடும். பொருத்திய பிறகு, மெய்நிகர் பேட்டின் கோணம் கையிலுள்ள கைப்பிடியின் கோணத்தோடு ஒத்திருக்கிறதா என்று அமைப்பில் சரிபார்க்க வேண்டும். இந்த ஒரு வேலையைப் பலர் செய்வதில்லை, கேடு பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை அரங்குக்குப் போகும் நாளில் காலையில் ஹெட்செட்டை அணிய வேண்டாம். அங்கே முதல் இருபது முப்பது பந்துகளை எண்ணிக்கை எதுவும் பார்க்காமல், மெதுவாக, தொடுவுணர்வுக்காக மட்டும் ஆடட்டும். திரைக்குப் பழகிய தொலைவு மதிப்பீடு அதற்குள் நிஜத்துக்குத் திரும்பிவிடுவதை நான் பெரும்பாலான குழந்தைகளிடம் பார்த்திருக்கிறேன். பிறகு அந்த நேரம் முழுவதையும் ஹெட்செட் தராதவற்றுக்குச் செலவிடுங்கள். யாராவது ஒருவர் கூடை நிறையப் பந்தை வைத்துக்கொண்டு, இடைவிடாமல் ஒன்றன்பின் ஒன்றாகப் போடும் மல்டிபால் பயிற்சி கொடுத்தால் இரண்டு மணி நேரத்தில் டாப் ஸ்பின்னுக்கு நிறையச் செய்துவிடலாம்.

அவளுக்கு இது உதவுகிறதா என்பதை ஊகத்துக்கு விடாமல் அளந்து பார்க்கவும் முடியும். ஹெட்செட் வாங்குவதற்கு முந்தைய ஞாயிறே, ஒழுங்கின்றி மாறி மாறி வரும் 50 பந்துகளில் எத்தனை மேசையில் விழுந்தன, அவற்றில் எத்தனை சொன்ன பக்கத்தில் விழுந்தன என்று எண்ணி எழுதி, பக்கவாட்டிலிருந்து அலைபேசியில் படம் பிடித்துவையுங்கள். நான்கு வாரம் கழித்து அதே ஆள் பந்து போட, அதே எண்ணிக்கையை மறுபடி எடுங்கள். எண்ணிக்கை கூடி, படத்தில் பின்வீச்சும் பேட்டின் உயரமும் மாறாமல் இருந்தால் தொடரலாம். எண்ணிக்கை கூடியும் பின்வீச்சு சுருங்கியிருந்தால், ஹெட்செட் நேரத்தைப் பாதியாக்கி ஷேடோ பிராக்டிஸைக் கூட்டுங்கள். இரண்டுமே சரிந்திருந்தால் நிறுத்திவிடுங்கள். ஒருவருக்கு உதவியது இன்னொருவருக்கு உதவும் என்ற உத்தரவாதம் இதில் இல்லை. மேலே நான் சொன்ன ஆய்வுகளில் பெரும்பாலானவை வயது வந்தவர்களைக் கொண்டவை, குறுகிய காலத்தவை. வளரும் வயதுக் குழந்தைக்கு மாதக்கணக்கில் என்ன ஆகும் என்பது இன்னும் திறந்த கேள்வியாகவே இருப்பதால், சொந்த அளவீட்டுக்கு மதிப்பு கூடுகிறது.

கண்ணைப் பற்றி நான் சொல்லக்கூடியது குறைவு. கண் மருத்துவம் என் துறையன்று. தயாரிப்பாளர்களே வயது வரம்பு விதித்திருக்கிறார்கள், அது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது, ஆகவே பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். குழந்தைகளின் இரு கண்மணிகளுக்கிடையேயான தூரம் பெரியவர்களைவிடக் குறைவாக இருக்கும். கண்ணாடிக் கடையிலேயே அதை அளந்து தருவார்கள். அந்த அளவுக்கு வில்லைகளை நகர்த்தும் வசதி இல்லாத ஹெட்செட் அவளுக்குப் பொருந்தாது. ஒரு முறைக்கு இருபது முதல் முப்பது நிமிடம், பிறகு வெளியே போய்த் தூரத்துப் பொருட்களைப் பார்க்கட்டும். தலைவலியோ குமட்டலோ வந்தால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும், பழகப் பழகச் சரியாகிவிடும் என்று தொடரச் சொல்லக் கூடாது. அறையில் மின்விசிறி எவ்வளவு தாழ்வாகத் தொங்குகிறது என்று கையை உயர்த்திப் பார்த்துவிட்டு இடத்தைத் தேர்ந்தெடுங்கள். இல்லாத மேசையின் மேல் கையை ஊன்றப் போய் விழுபவர்கள் பெரியவர்களிலேயே உண்டு, அதையும் முதல் நாளே சொல்லிவையுங்கள்.

பணத்தைப் பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். வீட்டில் இடமிருந்தால், மடக்கி வைக்கும் மேசையைச் சுவரோரம் நிறுத்தி ஒரு பாதியை மட்டும் தூக்கிவைத்து ஆடுவதையே முதலில் சொல்லியிருப்பேன். அதில் தொடுவுணர்வு நிஜம். இடம் அறவே இல்லை என்பதாலும், ஞாயிறுதோறும் நிஜ மேசை கிடைக்கிறது என்பதாலும், உங்கள் நிலையில் ஹெட்செட் வாங்குவது நியாயமான முடிவு. ஞாயிற்றுப் பயணம் நின்றுபோகுமானால் என் பதில் மாறிவிடும். அப்படி ஒரு நிலை வந்தால் ஹெட்செட்டுக்கு வைத்த பணத்தைப் போக்குவரத்துக்கும் அரங்குக் கட்டணத்துக்கும் செலவிட்டு, மாதம் இரண்டு முறையாவது அவளை நிஜ மேசைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துங்கள்.